டிரைவர் வேடிக்கை பார்க்கக் கூடாது

என் வீட்டுக்காரர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். வேலையில் சேர்ந்தது முதல் ஓய்வு பெறும் வரை பெரும்பாலும் அதே ரூட்தான். அந்தப் பாதையில் ஒரே ஒரு தடவை போய் வந்தவர்கள்கூட வருஷக்கணக்கில் அதைப் பற்றிப் பேசுவார்கள். மேகம் எங்களுக்குக் கீழே போனது, பாறையிலிருந்து தண்ணீர் கொட்டியது என்பார்கள். தினமும் போய் வந்த மனுஷனிடம், "அங்க என்னுங்க பாத்தீங்க?" என்று கேட்டால், "ரோட்டப் பாத்தேன்" என்பார். கல்யாணமான புதிதில் இந்தப் பதிலைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதற்கு ஒரு மைல் கல்லைக் கட்டிக்கொண்டிருக்கலாம், அதுவாவது இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்லும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "டிரைவர் வேடிக்கை பாக்கக் கூடாது அம்மணி. பின்னால அத்தன உசுரு ஒக்காந்திருக்குது. ரிட்டையர் ஆயிப்போட்டு, டிக்கெட் எடுத்து, ஜன்னல் சீட்டுல ஒக்காந்து, ஒரு வளைவு உடாம பாக்கறேன் பாரு" என்பார்.

ஓய்வும் பெற்றார். நாங்கள் கோயமுத்தூரில் குளத்தை ஒட்டிய பூங்காவுக்குப் பின்தெருவில் குடியேறினோம். மகள் கல்யாணம் வந்தது, என் முழங்கால் ஆபரேஷன் வந்தது. ஜன்னல் சீட்டு தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் அவருடைய கண்ணுக்கு வியாதி வந்துவிட்டது.

ஓரத்திலிருந்து வருகிற வியாதி அது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பக்கப் பார்வையை முதலில் தின்றுவிட்டு, மெல்ல நடுவை நோக்கி வரும் என்றார் டாக்டர். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வதையும், பக்கத்தில் வைத்த காப்பி டம்ளரைத் தட்டிவிடுவதையும் நான் அசட்டை என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். "இத்தனை நாள் எப்படிக் கவனிக்காம இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு, "நேரா பாத்தே பழகினவனுங்க. பக்கம் போனது எனக்குத் தெரியவே இல்லீங்க" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த வாரமே அவரை ஊட்டி பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். ஒரு குழாய்க்குள் இருந்து பார்ப்பதுபோல்தான் அவருக்குத் தெரியும். மலையில் ஏதோ ஒன்றைப் பிடிக்கத் தலையைத் திருப்புவார். அதற்குள் பஸ் திரும்பிவிடும். மரத்தில் ஒரு துண்டு, பாறையில் ஒரு துண்டு, வானத்தில் ஒரு துண்டு. வழியில் குன்னூரில் இறங்கியதும், "எப்பிடிங்க இருந்துது?" என்று கேட்டேன். "ரோடு நல்லாத்தான் வெச்சிருக்கறாங்க" என்றார். நான் பஸ் ஸ்டாண்டு என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளிடம் போனில் இதைச் சொன்னேன். "அப்பாவுக்கு நடுவுல நல்லாத் தெரியுதில்ல? போன்ல சின்ன எழுத்துகூடப் படிக்கறாரே. எல்லாத்தையும் அந்த நடுவுக்குள்ள கொண்டாந்து வெச்சா?" என்றாள். அவள் வாங்கி அனுப்பியதுதான் அந்த டிரோன். உள்ளங்கையில் உட்காரும். நாலு மூலையிலும் நாலு விசிறி, வயிற்றில் ஒரு கேமரா. கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் நம் போனைச் செருகிவிட்டால், மேலே அது பார்ப்பதெல்லாம் கீழே போனில் தெரியும். அகலமான உலகம் முழுவதும் அந்தச் சின்னத் திரைக்குள் வந்துவிடும். அந்தத் திரை அவருடைய குழாய்ப் பார்வைக்குள் அடங்கிவிடும். இதை எங்கள் மகள் யோசித்தாள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

மலையடிவாரத்துக்குப் போய் அதைப் பறக்க விடலாம் என்றால், அது வனத்துறைக் காடு, அங்கே ஆகவே ஆகாது. எங்கள் பூங்காவிலிருந்தே, வானம் தெளிந்த காலையில், கட்டடங்களுக்கு மேலே எழும்பினால் வடக்கே நீலகிரி முழுதாகத் தெரியும் என்று நடைப்பயிற்சிக்கு வரும் ஒருவர் சொன்னார். மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு போனோம். பெட்டியைத் திறப்பதற்குள் பூங்காக் காவலாளி வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மா, இதெல்லாம் இங்க பறக்க உடக் கூடாதுங்க."

"ஏனுங்க? நாங்க என்ன ராக்கெட்டா உடறோம்?"

"ராக்கெட்டுன்னாலும் இதுன்னாலும் எனக்கு ஒண்ணுதானுங்க. பர்மிட் இருக்குதுங்களா?"

எனக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம். இத்தனை வருஷம் வரி கட்டுகிறோம், ஒரு பொம்மையைப் பறக்க விடக் கூடாதா என்று ஆரம்பித்தேன். ஆனால் 'பர்மிட்' என்ற சொல்லைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்துவிட்டார். சர்வீஸில் ஒரு கெட்ட ரிமார்க்குகூட வாங்காத மனுஷன். "மூடு அம்மணி பெட்டிய. பர்மிட் இல்லாம வண்டிய எடுக்கறதா?" என்று சொல்லிவிட்டுக் காவலாளிக்கு ஒரு கும்பிடும் போட்டார்.

அன்று மதியம்தான் மகள் சொல்லிக்கொடுத்தபடி, டிரோன் விடுகிறவர்களுக்கான வரைபடத்தைப் போனில் திறந்தேன். நாடு முழுவதற்குமான வானத்தின் வரைபடம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பச்சையில் ஓர் உயரம் வரை கேட்காமல் பறக்கலாம், மஞ்சளில் கேட்டுவிட்டுப் பறக்கலாம், சிவப்பில் நினைக்கவே கூடாது. பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப் படைத் தளம். எங்கள் ஊருக்கு மேலே பெரிய பெரிய சிவப்பு வட்டங்கள். எங்கள் பூங்கா, வட்டத்தை விட்டு விலகி மஞ்சளில் இருந்தது.

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். வெறும் வானம். வடகம் காயப் போடுகிறோமே அதே வானம். அதற்குள் இத்தனை சுவர் இருக்கிறது, வாசல் இருக்கிறது, ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் ஆள் இருக்கிறார் என்று எனக்கு இவ்வளவு வயது வரை தெரியாது. உடம்பு சிலிர்த்துவிட்டது. அவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மேலயும் ரூட் இருக்குது அம்மணி" என்றார். சாமி படத்தைப் பார்க்கிற முகம்.

விதிகளை ஒவ்வொன்றாக நான் படிக்க, அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அந்தக் குட்டிக்கும் பதிவு எண் உண்டு என்றதும் ஒரே சந்தோஷம். அன்றைக்கே பதிவு செய்து, எண்ணை அதன் முதுகில் ஒட்டவைத்தார். ஆட்கள் தலைக்கு மேல் போகக் கூடாது என்றதும், "நியாயம்" என்றார். கடைசியாக ஒன்றைப் படித்தேன். ஓட்டுகிறவர் அதைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். கண்ணை விட்டு மறையக் கூடாது. அவர் தலையாட்டவில்லை. நானும் மேலே படிக்கவில்லை.

தாராபுரம் பக்கத்தில் என் தங்கை வீட்டுக் காடு பச்சை நிறத்தில் இருந்தது. காடு என்றால் எங்கள் பக்கத்தில் விவசாய நிலம். அங்கே போய்ப் பழகிப் பார்த்தோம். கருவியை அவர்தான் பிடித்தார், ஸ்டியரிங்கைப் பிடிக்கிற அதே பிடி. டிரோன் கிர்ரென்று கிளம்பி, தென்னைக்கு மேலே ஏறி, கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தது. அவர் குழாயிலிருந்து வெளியே போய்விட்டது. தலையை அங்கும் இங்கும் திருப்பித் தேடினார். "எங்க அது? எங்க அம்மணி?" அது அவர் தலைக்குப் பக்கத்து வானத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

இறக்கியதும் கருவியை என்னிடம் நீட்டினார். "கண்ணுல படாத வண்டிய ஓட்டக் கூடாது. நீ ஓட்டு."

"எனக்கு ஸ்கூட்டரே வராதுங்களே!"

"நான் சொல்றேன். கை அலுங்காம புடி, கண்ண வண்டி மேலயே வெய்யி. நான் பக்கத்துல நின்னு படத்தப் பாத்துக்கறேன்."

மக்காச்சோளக் காட்டின் மேல் அதை இழுத்துக்கொண்டு நான் பட்ட பாடு என் தங்கைக்குத்தான் தெரியும். ஒரு தடவை வைக்கோல் போரில் இறக்கினேன், ஒரு தடவை மாட்டுத் தொட்டிக்குள் விழாமல் மயிரிழையில் தப்பவைத்தேன். அதற்காகவே சில வாரங்கள் தாராபுரம் பஸ் ஏறினோம். திரும்பி வரும்போது அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் போகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவார்.

பிறகு பர்மிட்டுக்கு அலைந்தோம். பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில், "மேல கேக்கோணுங்க" என்றார்கள். அந்த மேலே போனால் அங்கும், "இதுக்கு மேல கேக்கோணுங்க" என்றார்கள். காவல் நிலையத்தில் உட்காரவைத்து டீயெல்லாம் வாங்கிக் கொடுத்து, "எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, மேல மட்டும் கேட்டுப்போடுங்க" என்றார்கள். ஒருவராவது எரிந்து விழுந்திருந்தால் நானும் நாலு வார்த்தை சூடாகக் கேட்டிருப்பேன். இந்த ஊரில் அதற்கு வழியே கிடையாது; இல்லை என்பதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். "இன்னும் எத்தன மேலயாம்?" என்று வீட்டுக்கு வந்து பாத்திரத்தை டங்கென்று வைப்பேன். "கடைசி மேல வானம்தான், அதுக்கு மேல ஆரு இருக்கறா, போ" என்பார் அவர்.

கடைசியில் எல்லாம் கிடைத்தது. பூங்கா அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டது: பெண்கள் நடக்கிற இடம், அதனால் எதையும் பதிவு செய்யக் கூடாது. "பாத்துக்கலாமுங்க, படம் புடிச்சு வெச்சுக்கக் கூடாதுங்க." விமான நிலையம் ஒரு காலையில் அரை மணி நேரம் கொடுத்தது, உயரத்துக்கும் ஓர் அளவு சொன்னது. ஏற்றுவதற்கு முன்னால் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போன் செய்ய வேண்டும், இறக்கிய பிறகும் சொல்ல வேண்டும்.

போன் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நான் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, வருகிற போன்களை இணைத்துக் கொடுத்தே தலை நரைத்தவள். முதலாளி முதல் லாரி டிரைவர் வரை யாரிடமும் ஒரு வார்த்தை மரியாதை குறையாமல் பேசியவள் என்று பெயர் எனக்கு.

அந்தக் காலையில் பூங்காவின் புல்தரையில் நின்று போன் போட்டேன். கோபுரத்திலிருந்து ஓர் இளைஞரின் குரல். வடநாட்டுக்காரர், இங்கே வந்து தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார். பாடப் புத்தகம் பேசுவதுபோல் பேசினார். "வணக்கம் அம்மா. இப்போது ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது. சற்றுப் பொறுத்திருங்கள். பிறகு அனுமதி தருகிறேன்."

எனக்காக ஒருவர் விமானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்! "செரிங்க, ரொம்ப சந்தோசமுங்க. அப்ப வாரேனுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

காத்திருந்தோம். தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழ்ந்து போனது. நடக்கிறவர்கள் எங்களை ஒரு சுற்று, இரண்டு சுற்று பார்த்துவிட்டுப் போனார்கள். வடக்கே வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. போன் வரவில்லை. "இன்னொருக்கா கேக்கட்டுங்களா?" என்றேன். "பொறுக்கச் சொன்னாரில்ல? சோலியா இருக்கறவரத் தொந்தரவு பண்ணாத" என்றார் இவர். எனக்கும் அது சரியென்றே பட்டது. நாலு பேர் லைனில் காத்திருக்கும்போது நடுவில் கூப்பிடுகிற ஆளை போர்டில் இருந்த காலத்தில் எனக்கே பிடிக்காது. எங்கள் அரை மணி நேரம் முழுக்க மரியாதையிலேயே கரைந்தது.

முடிந்த பிறகு போன் அடித்தது. "அம்மா, நீங்கள் ஏன் வரவில்லை?" என்றார் அந்த இளைஞர்.

"நான் எங்கீங்க வரோணும்?"

"நீங்கள்தான் 'வருகிறேன்' என்று சொன்னீர்கள். இன்னும் வீட்டில் இருக்கிறீர்கள், பூங்காவுக்கு வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். வந்ததும் அழைப்பீர்கள் என்று காத்திருந்தேன். வானம் காலியாகத்தான் இருந்தது அம்மா."

எங்கள் பக்கத்தில் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். அது அபசகுனம். சொந்தக்காரர் வீட்டிலிருந்து கிளம்பினாலும், கடையை விட்டு இறங்கினாலும், போனை வைத்தாலும் 'வாரேனுங்க' தான். எங்கேயும் வருவதில்லை, போகிறோம் என்று கேட்பவருக்குத் தெரியும். பாடப் புத்தகத்தில் அது இல்லை. அந்தப் பிள்ளை எனக்காகக் காத்திருந்தது, நான் அந்தப் பிள்ளைக்காகக் காத்திருந்தேன், நடுவில் வானம் சும்மா கிடந்தது. வானத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் நமக்காகக் காத்திருந்திருக்கிறார் என்று நினைத்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என் வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "போர்டுல இருந்தவளாம்!" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்தபின் அவருக்குச் சிரிப்பு இல்லை. அந்த மாதம் எடுத்த பார்வைப் பரிசோதனையில் குழாய் இன்னும் குறுகியிருந்தது. டாக்டர் சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்து, நின்றுவிட வாய்ப்பு இருக்கிறது என்றார். ஆனால் போனைப் படிக்கும்போது வரியின் முதலையும் கடைசியையும் அவர் தனித்தனியாகத் தேட ஆரம்பித்திருந்ததை நான் கவனித்தேன். திரையே அவர் குழாயைவிடப் பெரிதாகிக்கொண்டு வந்தது. நான் மறுபடி விண்ணப்பம் போட்டேன். எந்த மேலேயும் இப்போது என்னை அலைய வைக்கவில்லை. கோபுரத்து இளைஞரே கூப்பிட்டு, "இந்தச் சனிக்கிழமை காலை தருகிறேன் அம்மா. ஒரு வேண்டுகோள். தயவுசெய்து 'வாரேன்' என்று சொல்லாதீர்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை இரவெல்லாம் மழை பெய்து சனிக்கிழமை விடிந்தது. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. காவலாளி எங்களைப் பார்த்ததும் தானே முன்னால் போய் நடக்கிறவர்களைச் சற்று ஒதுங்கச் சொன்னார். போன் போட்டேன். "நான் பூங்காவுலதானுங்க நிக்கறேன்" என்று அழுத்திச் சொன்னேன். "அனுமதி அம்மா. வானம் உங்களுடையது" என்றார். அவர் எந்தப் புத்தகத்தில் படித்தாரோ, அப்படியே சொன்னார்.

கருவியை மார்போடு பிடித்துக்கொண்டேன். போன் என் நெஞ்சுக்கு நேராக இருந்ததால் அவர் என் தோளில் தலையைச் சாய்த்தபடிதான் பார்க்க முடிந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் வெளியிடத்தில் நாங்கள் இப்படி நின்றதில்லை. கூச்சமாக இருந்தது. ஏற்றினேன். மரத்தைத் தாண்டி, விளக்குக் கம்பத்தைத் தாண்டி, அது ஒரு புள்ளியாகிவிட்டது. அந்தப் புள்ளியைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை.

"மரத்துக்கு உச்சந்தல தெரியுது" என்றார் காதருகில். "ஏ அம்மணி, குளம். குளம் முழுசா வந்துபோச்சு. இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒண்ணாத் தெரியுது." என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு ஓரமும் தெரியுது அம்மணி. ஓரம் தெரியுது."

என் கை அலுங்கியது. புள்ளி ஆடியது. "கையக் கெட்டியாப் புடி" என்றார். பிடித்தேன். எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து புள்ளியைச் சுற்றியது. ஒரு வட்டம் போட்டுவிட்டு, இது தன் ஜாதி இல்லை என்று கண்டுகொண்டதோ என்னவோ, விலகிப் போய்விட்டது.

"வடக்கால திருப்பு. மெதுவா. வளைவுல திருப்பற மாதிரி."

திருப்பினேன். அவர் பேச்சு நின்றுவிட்டது. மூச்சு மட்டும் என் கழுத்தில் பட்டது. என்ன ஆயிற்றோ என்று பயந்து, "ஏனுங்க?" என்றேன். "ஏனுங்க, தெரியுதுங்களா?"

"இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும்" என்றார். "நீலமா நிக்குது. பாதிக்கு மேல மேகம் ஒரு கோடாட்டம் போவுது. மேகத்துக்கு மேலயும் மலை இருக்குது." மறுபடி நிறுத்தினார். "இது மேலதான் அம்மணி நான் ஏறி எறங்கிட்டு இருந்திருக்கறேன். இத்தன பெருசுன்னு எங்கிட்ட ஆரும் சொல்லலியே."

நான் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவர் குரலில் அந்த மலையைக் கேட்டபோது, நானும் அதைப் பார்த்ததே இல்லையோ என்று இருந்தது. எனக்கு ஆசை தாங்கவில்லை. ஒரே ஒரு கணம் திரையைப் பார்த்துவிடலாம் என்று கண்ணைத் தாழ்த்தப் போனேன்.

அவர் என் தாடையை விரலால் மெதுவாக மேலே தூக்கினார். "டிரைவர் வேடிக்கை பாக்கக் கூடாது."

மேலே பார்த்தேன். புள்ளி அங்கேயே இருந்தது. தினமும் அத்தனை பேரைச் சுமந்துகொண்டு, அந்த மலையின் மேலேயே இருந்துகொண்டு, அதைப் பார்க்காமல் வண்டி ஓட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மைல் கல் என்று சொன்ன என் வாயைத் தைக்க வேண்டும்.

"இப்ப கீழ பாக்க உடு" என்றார். கேமராவைத் தாழ்த்தினேன். கொஞ்சம் பொறுத்துச் சிரித்தார். "கீழ ரெண்டு பேரு நிக்கறாங்க. ஒரு கெழவன் தலையக் குனிஞ்சுட்டு நிக்கறான். பக்கத்துல ஒரு பொம்பள வாயப் பொளந்துட்டு மேலயே பாத்துட்டு நிக்குது."

"ஆருங்க அது?"

"ஆரோ. நல்ல டிரைவராட்டம் தெரியுது."

எங்கள் நேரம் முடிவதற்குள் அதைப் பத்திரமாகப் புல்லில் இறக்கினேன். முதுகில் ஒட்டிய எண்ணை அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தார். கோபுரத்துக்குப் போன் போட்டு, "எறக்கியாச்சுங்க. எல்லாம் முடிஞ்சுதுங்க" என்றேன். "உங்கள் கணவர் மலையைப் பார்த்தாரா அம்மா?" என்று அந்த இளைஞர் கேட்டார். பார்த்துவிட்டாருங்க என்றேன். அதற்கு மேல் என்ன சொல்லிப் போனை வைப்பது என்று தெரியாமல் நான் திணற, "நான் சொல்கிறேன் அம்மா. வாரேனுங்க" என்று அவரே சொல்லி வைத்தார்.

பதிவு எதுவும் இல்லை. நிபந்தனை நிபந்தனைதான் என்று அவர் அந்தப் பொத்தானுக்கு அருகில் என் விரலைக்கூட விடவில்லை. அதனால் அந்த மலை இன்றும் அவரிடம்தான் இருக்கிறது. கேட்டால் சொல்வார். ஒவ்வொரு தடவையும் மேகம் அந்த மலையின் பாதிக்கு மேலேதான் போகும்.

பூங்காவை விட்டுக் கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே போய்விட்டவர் நின்று திரும்பினார். தலையை முழுதாக நிமிர்த்தி, புள்ளி நின்ற இடத்தைத் தேடித் தேடி, குழாயை அங்கே கொண்டுபோய் வைத்தார். அங்கே இப்போது ஒன்றுமில்லை, வெறும் வானம்.

"வாரேனுங்க" என்றார்.

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பெரியவர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிற முகம். அவர் போகிறார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன், அவருக்குத் தெரியாத பக்கத்தில். கையைப் பிடித்தபோதுதான் நான் அங்கே இருப்பதே அவருக்குத் தெரிந்தது.